பங்குனியில் வந்த பாஸ்கா

நெடுங்காட்டுப்பட்டுச் சேரியில் பூமாலையிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் என்று ஒருத்தர் பேரைச் சொல்லுங்கள், பார்க்கலாம். கிடையாது. திண்டிவனத்துக்கு மேற்கே பத்து மைல் தள்ளிக் கிடந்தது அந்தச் சேரி. நாற்பது கிறிஸ்தவக் குடும்பம், யாருக்கும் கையகல நிலம் சொந்தமில்லை. ஒரு கூரைக் கோயில், உள்ளே ஒரு மரச்சிலுவை, வாசலில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு. ஞானஸ்நானப் புத்தகத்தில் பூமாலைக்கு மார்த்தா என்று பேர். அந்தப் பேர் புத்தகத்தோடு சரி. பூமாலையாகத்தான் சண்டை போட்டாள், பூமாலையாகத்தான் ஒப்பாரி பாடினாள். அதுவும் சாதாரண ஒப்பாரியா! செத்தவனோடு ஜென்மப் பகை வைத்திருந்தவன்கூட துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுவான்.

அவள் புருஷன் அந்தோணிசாமி ரொம்ப சாது. அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். முப்பத்தேழாம் வருஷம் பாஸ்கா முடிந்த மறுநாள் அவன் மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கிளம்பினான். சேசுநாதர் செத்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்த திருநாளைத்தான் பாஸ்கா என்பார்கள். மூணு வயசுப் பெண் குழந்தை அம்சாவை இடுப்பில் வைத்துக்கொண்டு விழுப்புரம் ஜங்ஷன் வரைக்கும் நடந்து போய் அவனை ரயிலேற்றிவிட்டு வந்தாள் பூமாலை. ரயில் கிளம்பும்போதுகூட, "கண்டவன்கிட்ட ஏமாந்துக்கினு நிக்காத, புரியுதா?" என்று திட்டித்தான் அனுப்பினாள். திட்டி முடித்த பிறகு, திரும்புகிற வழி முழுக்க அழுதாள்.

புருஷன் போன நாளை மறக்கக்கூடாது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். ஆனால் பாஸ்கா வருஷா வருஷம் தள்ளித் தள்ளி அல்லவா வருகிறது! எழுதப் படிக்கத் தெரியாதவள் என்ன செய்வாள்? நிலாவைப் பார்த்தாள். பங்குனி மாசத்துப் பௌர்ணமி எப்போது வருகிறதோ, அதற்கு அடுத்த ஞாயிறு பாஸ்கா. நாலு வருஷம் தொடர்ந்து பார்த்தாள், ஒரு தடவையும் பிசகவில்லை. கோயிலில் செபம் சொல்லிவைக்கும் உபதேசியார் மாசிலாமணியிடம் போய்ப் பெருமையாகச் சொன்னாள். அவர் கூரைக்குக் கீற்று முடைந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "பரவாயில்லயே, சரியாத்தான் பார்த்து வெச்சிருக்க" என்றார். அவ்வளவுதான், பூமாலைக்கு அது வேதவாக்காகிவிட்டது.

நாற்பத்திரண்டில் மலாயாவை ஜப்பான்காரன் பிடித்தான். அந்தோணிசாமியின் கடுதாசி நின்றது. பர்மாவிலிருந்தும் அக்கரையிலிருந்தும் தப்பி வந்தவர்கள் விழுப்புரம் ஜங்ஷனில் இறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பூமாலை ஆறு தடவை நடந்தே போய் பிளாட்பாரத்தில் நின்றாள். மூட்டையும் முடிச்சுமாக இறங்கிய ஒவ்வொருத்தரையும் மறித்து, "ரப்பர் தோட்டத்து அந்தோணிசாமி, இடது புருவத்துல வெட்டு இருக்கும், பார்த்தீங்களா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. செத்தான் என்றும் சொல்லவில்லை. "செத்தான்னு யாரும் சொல்லல இல்ல? அப்ப இருக்கான்" என்று சேரிக்குத் திரும்பி வந்து அடித்துச் சொன்னாள்.

அந்த வருஷம் கார்த்திகையில் சேரிக்குள் வாந்திபேதி புகுந்தது. இருபது நாளில் பதினோரு பேர். அம்சாவுக்கு அப்போது எட்டு முடிந்து ஒன்பது. காலையில் கூழ் குடித்துவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போன பிள்ளை, பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். இரண்டாம் நாள் உபதேசியார் மாசிலாமணியும் போனார். பங்குச் சாமியாருக்கு இருபத்தைந்து ஊர், அவரும் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஒரு செபமில்லை, மந்திரிச்ச தண்ணி இல்லை, தண்டவாளத்தைத் தட்டக்கூட ஆளில்லை. ஊருக்கெல்லாம் பாடிப் பாடி அழவைத்தவளுக்குத் தன் பிள்ளையின் குழி முன்னால் வாய் வரவில்லை. பாவி மகள், மண்ணள்ளிப் போட்டுவிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் வந்து மூலையில் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் நாலு மாசம் அவள் கோயில் பக்கமே போகவில்லை. செபமாலையை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். பானை காலியாகத்தான் கிடந்தது. கண்ணை மூடினால் அம்சாவின் கடைசி நேரத்து முகம்தான் வரும், குழி விழுந்த கண்ணும் நீலம் பூத்த உதடுமாக. அதற்கு முந்தி எட்டு வருஷம் சிரித்துக்கொண்டிருந்த முகம் எங்கே போய்த் தொலைந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தூக்கம் போயிற்று. சாமியிடம் சண்டை போடக்கூட மனசில்லாமல் போயிற்று, அதுதான் மற்றவர்களுக்குப் பயமாக இருந்தது.

பங்குனி பிறந்தது. பக்கத்துக் குடிசைக் குப்பம்மாள் யதார்த்தமாகத்தான் சொன்னாள். அவளும் வாந்திபேதிக்கு மாமியாரைக் கொடுத்தவள். "உபதேசியாரும் இல்ல, சாமியாரும் வரல. இந்த வருஷம் பாஸ்காவ விட்டுட வேண்டியதுதான்."

பூமாலை சடாரென்று எழுந்தாள். "இன்னா சொன்ன? விட்டுடறதா? செத்தவங்க எழுந்திருப்பாங்கன்னு சொல்ற திருநாளு வருஷத்துல அது ஒண்ணுதான்டி. எம்மவளைப் புதைச்ச வருஷத்துல அத்த விட்டுட்டு, வேற எந்த வருஷத்துல கொண்டாடறது? சாமியாரு வரலன்னா சாமி வராம போயிடுவாரா?"

நாலு மாசத்துக்கப்புறம் பழைய பூமாலை பேசினாள். குப்பம்மாள் திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

திண்டிவனத்துக்கு ஒரு நடை போய் எந்த நாள் என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். நாலு வருஷமாகப் பிசகாத நிலா தலைக்கு மேலே நிற்கும்போது எவளாவது பத்து மைல் நடந்து போய்க் கேட்பாளா? பங்குனிப் பௌர்ணமி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அப்படியென்றால் அடுத்த ஞாயிறு பாஸ்கா. முடிந்தது கதை.

முடியவில்லை. நிலக்காரர் விருத்தாசலம் இருந்தாரே! சேரியின் பதினாலு பெண்கள் அவர் புஞ்சைக் காட்டில்தான் வேலை செய்தார்கள். பங்குனியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற காலம். பிடுங்கிய செடியிலிருந்து காயை ஆய்கிற வேலை பெண்களுடையது, கூலியும் மல்லாட்டையாகவே கிடைக்கும். கிறிஸ்துமசுக்கும் பாஸ்காவுக்கும் மட்டும் உபதேசியார் போய்ச் சொல்லி லீவு வாங்கித் தருவார். மற்ற ஞாயிறெல்லாம் காட்டில்தான். இந்தத் தடவை பூமாலை போய்க் களத்துமேட்டில் நின்றாள்.

"ஆண்டே, வர்ற ஞாயித்துக்கிழமை எங்களுக்குப் பாஸ்கா. வேலைக்கு வர மாட்டோம்."

விருத்தாசலம் கெட்டவர் என்று சொல்ல முடியாது. காய் காட்டில் கிடக்கும்வரை அவருக்கு மனுஷர் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள், அதுதான் வியாதி. "உபதேசியாருதான் போய்ட்டாரே. உனக்கு எவன் சொன்னான் அன்னிக்குத் திருநாளுன்னு?"

"நிலா சொல்லிச்சு."

"நிலாவா! அப்ப நிலாவையே கூலி குடுக்கச் சொல்லு. அன்னிக்கு வராதவ மறுநாளும் வர வேணாம்."

"சரிங்க ஆண்டே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அந்தச் 'சரிங்க'வில் இருந்த திமிரை நினைத்து நினைத்து அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லையாம்.

அந்த வெள்ளிக்கிழமையை, சேசுநாதர் சிலுவையில் செத்த பெரிய வெள்ளிக்கிழமையாக வைத்துக்கொண்டார்கள். பகலெல்லாம் காட்டில் காய் ஆய்ந்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோயிலில் கூடினார்கள். சிலுவைக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்கள். செபம் சொல்லிவைக்க ஆளில்லை. அதனால் பூமாலை தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். மாதாவாகத் தன்னை வைத்துக்கொண்டு சேசுநாதருக்கு ஒப்பாரி ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் மகனே மகனே என்று போனது. அப்புறம் மகளே என்று மாறியது. யாரும் திருத்தவில்லை. அம்சா பேர் வந்தது, மாசிலாமணி பேர் வந்தது, குப்பம்மாளின் மாமியார் பேர் வந்தது, பதினோரு பேரும் வந்தார்கள். நாலு மாசமாக அவளுக்குள் கட்டிக்கிடந்த அழுகை அத்தனையும் அந்தக் கூரைக்குள் கொட்டியது. தொண்டை கட்டி, குரல் கிழிந்து, கடைசியில் காற்று மட்டும் வரும்வரை அவள் பாடினாள்.

ஞாயிறு விடிகிற நேரம். தண்டவாளத்தைக் குப்பம்மாள் ஓங்கித் தட்டினாள். எல்லோரும் கையில் அகல் விளக்கோடு நிற்க, பூமாலை போய்ச் சிலுவையின் துணியை உருவினாள். வேறொன்றும் நடக்கவில்லை. வெளிச்சம் வந்தது, காகம் கத்தியது, யாரோ ஒருத்தி அல்லேலூயா என்று ஆரம்பித்தாள். துணியைக் கையில் பிடித்தபடி நின்ற பூமாலைக்கு அம்சாவின் முகம் தெரிந்தது. குழி விழுந்த முகமில்லை. ஆட்டுக்குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, முன்பல் இரண்டு விழுந்த வாயால் சிரிக்கிற முகம். நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கி அப்பால் வைத்தாற்போல் இருந்தது. ஐயோ, எவ்வளவு லேசு! வீட்டுக்குப் போய் ஒரு சட்டிக் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு, பட்டப்பகலில் படுத்து, நாலு மாசத்துத் தூக்கத்தையும் தூங்கினாள்.

மறுநாள் பதினாலு பேரும் காட்டுக்குப் போனார்கள். வரப்பிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார் விருத்தாசலம். அனந்தபுரம் பக்கத்திலிருந்து ஆள் கூட்டி வந்து முதல் காட்டை முடித்தார். ஏரிக்கரைக் காடு பின்னால் விதைத்தது, அது மட்டும் மிச்சம் நின்றது. சேரியில் ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. அரிசி கண்ணில் படவில்லை, கேப்பையும் தீர்ந்தது. கீரையை வேகவைத்து உப்புப் போட்டுத் தின்றார்கள். குப்பம்மாள் வாய்விட்டே புலம்பினாள்: "உன் பேச்சைக் கேட்டுக்கினு வந்தேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்." பூமாலைக்கும் பசிதான். ஆனாலும் அவள் கலங்கவில்லை. இராத்திரி தூங்கினாள், காலையில் செபமாலையைக் கையில் எடுத்தாள். அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் குப்பம்மாளுக்கு இன்னும் எரிச்சல்.

சித்திரை பிறந்து நாலாம் நாள், சனிக்கிழமை, புதிதாக வந்த பங்குச் சாமியார் சைக்கிளை உருட்டிக்கொண்டு சேரிக்குள் நுழைந்தார். சின்ன வயசு. வெயிலில் முகம் செம்பாய்ப் போயிருந்தது. கோயிலுக்குள் எல்லோரையும் உட்காரவைத்து, "நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு. அடுத்த ஞாயிறு பாஸ்கா. எல்லாரும் பாவசங்கீர்த்தனம் பண்ணித் தயாராகணும்" என்றார்.

குப்பம்மாள்தான் மெல்லச் சொன்னாள்: "பாஸ்கா முடிஞ்சி மூணு வாரம் ஆவுதே சாமி."

விஷயத்தைக் கேட்ட சாமியாருக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் சிரிப்பு அடக்க முடியவில்லை. "நோன்பு இருக்கவேண்டிய தபசுகாலத்துக்கு நட்ட நடுவுல பாஸ்கா கொண்டாடிட்டீங்களா!" கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். பங்குனிப் பௌர்ணமிக் கணக்கு பல வருஷம் ஒத்துப்போகும். ஆனால் மார்ச் இருபத்தொன்றிலோ அதற்குப் பிறகோ வருகிற பௌர்ணமிதான் பாஸ்காவுக்குச் செல்லும். இந்த வருஷம் சபைக் கணக்குப்படி அந்தப் பௌர்ணமி அதற்கு ஒரே ஒரு நாள் முந்தி விழுந்துவிட்டது. அதனால் திருநாள் அடுத்த பௌர்ணமிக்குத் தள்ளிப் போய்விட்டது. இவ்வளவு தள்ளி வருவது ஒரு மனுஷன் ஆயுசில் ஒரு தடவை வந்தால் அதிகம்.

குப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, மூணு வாரமா கீரையைத் தின்னுக்கினு கிடந்தோமே! ஒண்ணுமில்லாத நாளுக்கா? பூமாலை, உன் நிலாவுல இடி விழ!"

பெண்கள் எல்லாம் பூமாலை பக்கம் திரும்பினார்கள். பூமாலையின் முகத்தில் இரத்தமில்லை. பசிக்கோ திட்டுக்கோ அல்ல. அன்றைக்குத் துணியை உருவியபோது வந்த அந்த லேசு, அம்சாவின் சிரிப்பு, அதெல்லாம் வெறும் மனப்பிராந்திதானா? கல்லை எடுத்து வைத்தவர் திரும்பக் கொண்டுவந்து நெஞ்சில் போடப்போகிறாரா? ஆனாலும் பூமாலை பூமாலைதானே! எழுந்து நேரே சாமியார் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சிக்காதீங்க. எழுந்தவரு மறுபடியும் போய்ப் படுத்துக்கினாரா?"

சாமியாரின் சிரிப்பு நின்றது. "இல்லம்மா."

"அப்ப அன்னிக்கு என் நெஞ்சுல எறங்கிச்சே ஒண்ணு, அது இன்னா? எம்மவ முகம் எனக்குத் திரும்பக் கெடைச்சிது சாமி. அது பொய்யா?"

"அது இன்னான்னு எனக்குத் தெரியலம்மா. ஆனா பொய்யின்னு சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது" என்றார்.

பூமாலைக்கு அது போதும். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு முதல் ஆளாகப் போய் முழங்காலில் நின்றாள்.

சேதி விருத்தாசலம் காதுக்குப் போகாமல் இருக்குமா? அவருக்குக் கொண்டாட்டம். மேற்கே கருமேகம் திரண்டுகொண்டிருந்தது. கோடை மழை பெய்தால் ஏரிக்கரைக் காட்டுக் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். வெளியூர் ஆளும் போய்விட்டது. ஆள் வேண்டும், ஆனால் மானமும் போகக்கூடாது. சரியான சமயத்தில் வழி கிடைத்தது என்று நினைத்துவிட்டார். திங்கட்கிழமை பதினாலு பேரையும் காட்டுக்கு வரச்சொன்னார். பிடுங்கிய செடி குவியல் குவியலாகக் கிடந்தது. அவர் சம்சாரம் லட்சுமியம்மாள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் வேலை உண்டு" என்றார் விருத்தாசலம். "பூமாலை மட்டும் ஒரு வார்த்தை சொல்லணும். அன்னிக்குக் கொண்டாடினது பொய்த் திருநாளுன்னு இத்தினி பேர் முன்னால சொல்லிட்டு ஒக்காரட்டும்."

குப்பம்மாள் அவள் முழங்கையை இடித்தாள். "சொல்லித் தொலைடி. வாய் வார்த்தைதானே."

பூமாலை முன்னால் வந்தாள். "நாளு தப்பு ஆண்டே. நான்தான் தப்பாப் பார்த்தேன். இவளுங்க மேல ஒரு குத்தமும் இல்ல. இத்த எத்தினி பேர் முன்னாடி வேணும்னாலும் சொல்றேன்."

விருத்தாசலம் மீசையைத் தடவினார். பெண்கள் மூச்சு விட்டார்கள்.

"ஆனா பொய்த் திருநாளுன்னு என் வாய் சொல்லாது" என்றாள் பூமாலை. "அது பொய்யின்னா, எம்மவ செத்தது மட்டும்தான் நெசம்னு ஆயிடும். பட்டினி கிடந்து சாவேனே தவிர அத்த ஒத்துக்க மாட்டேன். இன்னொண்ணும் கேட்டுக்குங்க. வர்ற ஞாயித்துக்கிழமைதான் கணக்குப்படி பாஸ்காவாம். அன்னிக்கும் நான் வேலைக்கு வர மாட்டேன்."

"அடி செருப்பால!" விருத்தாசலம் குதித்தார். "வருஷத்துக்கு எத்தினி தடவைடி உங்க சாமி செத்துப் பொழைப்பாரு?"

"சேரியில பதினோரு பேரு போனாங்க ஆண்டே. ரெண்டு தடவை பத்துமான்னு எனக்கே தெரியல." அவள் குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே மிச்சத்தையும் சொன்னாள். "இப்ப ஒக்காந்து காய் ஆயறேன். சனிக்கிழமை வரைக்கும் ஆயறேன். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவேன், திங்கக்கிழமை வருவேன். தொரத்தறதா இருந்தா திங்கக்கிழமை தொரத்துங்க."

சொல்லிவிட்டுக் குவியல் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து காயைப் பிய்க்க ஆரம்பித்தாள். குப்பம்மாள் விருத்தாசலத்தைப் பார்த்தாள், பூமாலையைப் பார்த்தாள். "பேஜாரு புடிச்சவ" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானும் ஞாயித்துக்கிழமை வர மாட்டேன் ஆண்டே" என்றாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகப் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

விருத்தாசலம் எதையோ சொல்ல வாயெடுத்தார். லட்சுமியம்மாள் முந்திக்கொண்டாள். "மேகத்தைப் பாருங்க. ஒக்காந்தவங்களை எழுப்பிட்டு நீங்களும் நானுமா ஆயப் போறோம்? ஜல்தியா கூடையைக் கொண்டாரச் சொல்லுங்க." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டார். திங்கட்கிழமை துரத்துவதைப் பற்றி அப்புறம் அவர் பேச்செடுக்கவில்லை. சனிக்கிழமை பொழுது சாய, காடு முடிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சேரியே கிளம்பிப் பத்து மைல் நடந்து திண்டிவனத்துப் பெரிய கோயிலுக்குப் போனது. மெழுகுத்திரி என்ன, மணி என்ன, பாட்டு என்ன! உயிர்த்த ஆண்டவர் சுரூபம் கையில் கொடியோடு நின்றது. குப்பம்மாள் சுரூபத்தைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டாள். வாந்திபேதிக்குப் பிறகு அவள் அப்படி அழுதது அன்றைக்குத்தான். முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பினால், பூமாலை கண் காய்ந்து, சாவகாசமாகச் செபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாடி, இன்னிக்குத்தானே நெசமான பாஸ்கா? உனக்கு ஒண்ணும் ஆவலியா?" என்று கேட்டாள் குப்பம்மாள்.

பூமாலை அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "எனக்கு நாலு வாரம் முந்தியே எழுந்துட்டாருடி. உனக்கு இன்னிக்கு. நீ நல்லா அழு."